கணவன் வீடா, ஆறு மாதச் சிறையா

தன்னை வெறுக்கும் மனைவியை ஒரு கணவன் என்ன செய்யலாம்? மனுஸ்மிருதி 9ஆம் அத்தியாயத்தில் இதற்கு ஒரு விதி சொல்கிறது. ஒரு வருடம் பொறுத்துப் பார்க்கட்டும். அப்புறமும் அவள் மனம் மாறவில்லையென்றால் அவளிடம் இருக்கும் சொத்தை எடுத்துக்கொண்டு, அவளோடு வாழ்வதை நிறுத்திக்கொள்ளட்டும். மனுவைப் பெண்களுக்குப் பரிந்து பேசும் நூல் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். இந்த விதியும் இரக்கமற்றதுதான். ஆனால் அதில்கூட, விருப்பமில்லாத பெண்ணை இழுத்து வந்து கணவன் வீட்டில் விட வேண்டும் என்று இல்லை.

1887 மார்ச் 4ஆம் தேதி பம்பாய் உயர் நீதிமன்றம் அதைத்தான் செய்யச் சொன்னது. ருக்மாபாய் என்ற 22 வயதுப் பெண் ஒரு மாதத்துக்குள் தாதாஜி பிகாஜியிடம் போய் அவரோடு வாழ வேண்டும். போகாவிட்டால் 6 மாதம் சிறை. ருக்மாபாய்க்கு 11 வயதில் கட்டிவைக்கப்பட்ட கணவர் தாதாஜி. இருவரும் சேர்ந்து குடும்பம் நடத்தியதே இல்லை. அந்த வீட்டுக்குப் போவதைவிடச் சட்டம் தரும் உச்சபட்சத் தண்டனையை ஏற்றுக்கொள்கிறேன் என்றார் ருக்மாபாய்.

19ஆம் நூற்றாண்டில் பெண்களின் சட்ட நிலை என்று பேச்செடுத்தால் நம்மிடம் இரண்டு கதைகள் தயாராக இருக்கின்றன. நம் மரபு பெண்களை இருட்டில் வைத்திருந்தது, ஆங்கிலேயர் சட்டம் விளக்கேற்றியது என்பது ஒன்று. நம் மரபு நன்றாகத்தான் இருந்தது, வெள்ளைக்காரன் வந்து கெடுத்தான் என்பது இன்னொன்று. ருக்மாபாயின் வழக்கு இந்த இரண்டுக்குள்ளும் அடங்காது. அவரைக் கட்டியது இரண்டு புரி சேர்த்து முறுக்கிய கயிறு. ஒரு புரி குழந்தைத் திருமணம், அது நம்முடையது. இன்னொரு புரி, மனைவியைத் திருப்பி அனுப்பச் சொல்லும் வழக்கு. அது இங்கிலாந்தின் தேவாலய நீதிமன்றங்களிலிருந்து கப்பலேறி வந்தது. இரண்டும் சேர்ந்ததால்தான் முடிச்சு அவ்வளவு இறுகியது. தமிழில் ருக்மாபாய் பெயர் வரும் இடங்களில் ‘இந்தியாவின் தொடக்கக்காலப் பெண் மருத்துவர்களில் ஒருவர்’ என்ற வரியோடு விஷயம் முடிந்துவிடுகிறது. அவர் மருத்துவரானது பெரிய காரியம்தான். ஆனால் அதற்கு முன்னால் நீதிமன்றத்தில் அவர் கேட்ட கேள்வி அதைவிடப் பெரியது என்று நினைக்கிறேன்.

ருக்மாபாய் 1864இல் பம்பாயில் பிறந்தார். தச்சர் சமூகத்தைச் சேர்ந்த குடும்பம். அம்மா ஜெயந்திபாய் 15 வயதில் அவரைப் பெற்று, 17 வயதில் விதவையானவர். சில ஆண்டுகள் கழித்து ஜெயந்திபாய் மறுமணம் செய்துகொண்டார். அந்தச் சமூகத்தில் விதவை மறுமணத்துக்குத் தடை இல்லை. இரண்டாவது கணவர் டாக்டர் சகாராம் அர்ஜுன், கிராண்ட் மருத்துவக் கல்லூரியில் பணியாற்றியவர், தாவரவியல் அறிஞர். 1883இல் பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கம் தொடங்கப்பட்டபோது அதன் நிறுவனர்களில் இருந்த இரண்டு இந்தியர்களில் ஒருவர்.

மறுமணத்துக்கு முன் ஜெயந்திபாய் ஒரு காரியம் செய்தார். முதல் கணவர் விட்டுப்போன சொத்தை மகள் பேருக்கு மாற்றினார். இதற்குப் பின்னால் இருந்த சட்டத்தைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். 1856இல் வந்த இந்து விதவைகள் மறுமணச் சட்டத்தைப் பெரிய சீர்திருத்தமாகப் பள்ளியில் படித்திருக்கிறோம். ஈஸ்வர சந்திர வித்யாசாகர் அதற்காகப் பாடுபட்டது உண்மை, அது பெரிய சீர்திருத்தம் என்பதும் உண்மை. ஆனால் அதன் 2ஆம் பிரிவைப் பள்ளியில் சொல்லித் தருவதில்லை. விதவை மறுமணம் செய்துகொண்டால், இறந்த கணவர் வழியாக வந்த சொத்தில் அவளுக்கு இருக்கும் உரிமை போய்விடும். அவளே செத்துவிட்டதைப் போலக் கருதி அடுத்த வாரிசுக்குச் சொத்து போகும். மறுமணம் காலங்காலமாக வழக்கத்தில் இருந்த சாதிகளின் பெண்களுக்கும் இந்தப் பிரிவு பொருந்துமா என்று நீதிமன்றங்கள் பல ஆண்டுகள் சண்டை போட்டன. தங்களுக்கு ஏற்கெனவே இருந்த ஒரு சுதந்திரத்தைக் கொடுப்பதாகச் சொல்லி வந்த சட்டம், சில பெண்களிடம் இருந்த சொத்தைப் பறிக்கும் கருவியாகவும் ஆனது.

இன்னொரு பக்கம், ருக்மாபாயின் பேரில் சொத்து இருக்க முடிந்தது என்பதையும் கவனிக்க வேண்டும். அதே காலத்தில் இங்கிலாந்தில் திருமணமான பெண்ணுக்கு அது அவ்வளவு எளிதாக இல்லை. அங்கே பொதுச் சட்டப்படி கணவனும் மனைவியும் ஒரே நபர். அந்த நபர் கணவன். மனைவி கையில் இருக்கும் பணம், அவள் வாங்கும் கூலி எல்லாம் அவனுடையவை. பணக்காரக் குடும்பங்கள் அறக்கட்டளைப் பத்திரம் எழுதி இதைச் சுற்றிப் போனார்கள். மற்றவர்களுக்கு வழி இல்லை. 1870இல் வந்த சட்டம் மனைவியின் சம்பாத்தியத்தை அவளுக்கே விட்டது. மற்ற சொத்தையும் தன் பேரில் வைத்து ஆள முழு உரிமை கொடுத்தது 1882ஆம் ஆண்டுச் சட்டம். நம் ஊரில் ஸ்திரீதனம், அதாவது பெண்ணுக்கே உரிய சொத்து, என்ற கருத்து அதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே இருந்தது. அதற்கு ஏகப்பட்ட வரம்புகள் உண்டு, நடைமுறையில் யார் கையில் இருந்தது என்பது வேறு கதை. ஆனாலும் இந்தியப் பெண்களைக் காப்பாற்ற வந்ததாகச் சொன்ன நாட்டின் சொந்தச் சட்டப் புத்தகம் அன்று எப்படி இருந்தது என்பதை மறந்துவிட்டு இந்த வழக்கைப் படிக்கக் கூடாது.

சரி, திருமணத்துக்கு வருவோம். ருக்மாபாய்க்கு 11 வயதில், சகாராம் அர்ஜுனின் உறவினரான 19 வயது தாதாஜியோடு கல்யாணம் நடந்தது. தாதாஜி ஏழை. வீட்டோடு மாப்பிள்ளையாக இருந்து, படித்து ஆளாக வேண்டும் என்பது ஏற்பாடு. சில மாதங்களில் ருக்மாபாய் பெரிய பெண்ணானபோது வழக்கப்படி சாந்தி முகூர்த்தம் வைக்க வேண்டும் என்ற பேச்சு வந்தது. மருத்துவரான சகாராம் அர்ஜுன் அதற்குச் சம்மதிக்கவில்லை. அந்த ஒரு மறுப்புதான் பின்னால் ருக்மாபாய்க்கு வாதாட ஒரு இடத்தைக் கொடுத்தது.

தாதாஜிக்குப் படிப்பு ஓடவில்லை. தன் தாய்மாமன் வீட்டுக்குப் போய்விட்டார். அந்த வீட்டின் சூழல் சரியில்லை என்பது ருக்மாபாய் தரப்பின் வாதம். ருக்மாபாய் அம்மா வீட்டிலேயே வளர்ந்தார். பள்ளிக்கூடம் நின்றுபோயிருந்தது, கிடைத்த புத்தகங்களை வைத்து வீட்டிலேயே ஆங்கிலம் வரை கற்றுக்கொண்டார். சீர்திருத்த அமைப்பான பிரார்த்தனா சமாஜத்தின் கூட்டங்களுக்குப் போனார். வளர வளர, தன்னைக் கேட்காமல் தனக்கு நடந்த கல்யாணத்தைப் பற்றி அவருக்கு ஒரு முடிவு வந்துவிட்டது. 1884 மார்ச்சில் தாதாஜி வக்கீல்கள் மூலம் கடிதம் அனுப்பினார்: மனைவியை அனுப்புங்கள். பதில் சாதகமாக வரவில்லை. வழக்குப் போட்டார்.

இந்த வழக்கின் பிறப்பிடத்தைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும்.

இங்கிலாந்தில் திருமணம் தொடர்பான வழக்குகள் 1857 வரை தேவாலய நீதிமன்றங்களின் கையில் இருந்தன. கிறித்தவத் திருமணத்தை முறிக்க வழி கிடையாது என்பது அங்கே அடிப்படை. முறிக்க முடியாது என்றால், பிரிந்து வாழ்வதே குற்றம். தகுந்த காரணம் இல்லாமல் கணவனையோ மனைவியையோ விட்டுப் போனவரைத் திரும்பிப் போகச் சொல்லி அந்த நீதிமன்றங்கள் ஆணையிட்டன. மீறினால் திருச்சபையிலிருந்து விலக்கு. 1813இல் நாடாளுமன்றம் அந்தத் தண்டனையை மாற்றி, அதிகபட்சம் 6 மாதம் சிறை என்று வைத்தது. 1857இல் வழக்குகள் தேவாலயத்திலிருந்து அரசு நீதிமன்றத்துக்கு மாறியபோது இந்தப் பரிகாரமும் அப்படியே கூட வந்தது.

இந்தியாவுக்கு இது வந்த வழி சுற்றுவழி. 1856இல் ஒரு பார்சி தம்பதியின் வழக்கு லண்டனில் இருந்த பிரிவி கவுன்சிலுக்குப் போனது. இந்தியாவிலிருந்து போகும் மேல்முறையீடுகளுக்கு அதுதான் கடைசி இடம். கிறித்தவர்களுக்கான தேவாலயச் சட்டத்தைப் பார்சிகள்மேல் போட முடியாது என்று கவுன்சில் சொன்னது. ஆனால் சாதாரண சிவில் நீதிமன்றத்தில் பரிகாரம் தேடலாம் என்று கதவைத் திறந்து வைத்தது. 1867இல் வங்காளத்து முஸ்லிம் தம்பதி ஒருவரின் வழக்கில், கணவன் மனைவியைத் திரும்பக் கேட்டு சிவில் நீதிமன்றத்தில் வழக்குத் தொடரலாம் என்று அதே கவுன்சில் தீர்ப்பளித்தது. அங்கிருந்து அது இந்துக்களுக்கும் தாவியது. மீறினால் என்ன செய்வது என்பதற்கு சிவில் நடைமுறைச் சட்டம் பதில் வைத்திருந்தது. 1882ஆம் ஆண்டுச் சட்டத்தின் 260ஆம் பிரிவு: சிறை, அல்லது சொத்து ஜப்தி, அல்லது இரண்டும்.

இதே நேரத்தில் இங்கிலாந்தில் என்ன நடந்தது என்று பாருங்கள். ஜார்ஜினா வெல்டன் என்ற பெண், தன்னை விட்டுப் பிரிந்த கணவன்மேல் வழக்குப் போட்டு, திரும்பி வரச் சொல்லி ஆணை வாங்கினார். கணவன் வர மறுத்தார். சட்டப்படி அவரைச் சிறையில் போட்டாக வேண்டும். வசதியுள்ள ஒரு ஆண் சிறைக்குப் போகும் நிலை வந்ததும் நாடாளுமன்றம் வேகமாக நகர்ந்தது. 1884இல் சட்டத்தைத் திருத்தி, இந்த வகை வழக்குகளில் சிறைத் தண்டனையே இல்லை என்று ஆக்கிவிட்டார்கள். அதே 1884இல்தான் தாதாஜி பம்பாயில் வழக்குப் போட்டார். பிறந்த ஊரில் கைவிடப்பட்ட தண்டனை, இங்கே ருக்மாபாய்க்காகக் காத்திருந்தது. இந்த ஒரு தகவலைப் படித்தபோது எனக்கு வந்த கோபம் இன்னும் அடங்கவில்லை.

1885 செப்டம்பரில் வழக்கு நீதிபதி பின்ஹேயிடம் வந்தது. ருக்மாபாய்க்காக வாதாடியவர்களில் காசிநாத் திரியம்பக் தெலாங்கும் ஒருவர். சமஸ்கிருதப் புலமையும் சட்டப் புலமையும் சேர்ந்தவர். செப்டம்பர் 21இல் பின்ஹே தாதாஜியின் வழக்கைத் தள்ளுபடி செய்தார். அவர் சொன்ன காரணங்கள் தெளிவானவை. இந்த வகை வழக்கு இந்துச் சட்டத்தில் கிடையாது, இங்கிலாந்திலிருந்து வந்தது. அங்கேகூடச் சேர்ந்து வாழ்ந்து பிரிந்தவர்களைத்தான் மறுபடி சேரச் சொல்வார்கள். இவர்கள் சேர்ந்து வாழ்ந்ததே இல்லை. அறியாத வயதில் செய்துவைத்த கல்யாணத்தைக் காட்டி, தனக்குப் பிடிக்காத ஒரு மனிதனிடம் வளர்ந்த பெண்ணை அனுப்பி வைப்பது காட்டுமிராண்டித்தனம், கொடூரம் என்றார்.

இந்தத் தீர்ப்பால் ருக்மாபாயின் பெயர் நாடு முழுவதும் பரவியது. அதற்கு முன்பே அவர் எழுதவும் தொடங்கியிருந்தார். 1885இல் டைம்ஸ் ஆஃப் இந்தியாவில் ‘ஒரு இந்துப் பெண்’ என்ற பெயரில் இரண்டு கடிதங்கள் வந்தன. முதலாவது ஜூனில், குழந்தைத் திருமணம் பற்றி. இரண்டாவது செப்டம்பரில், விதவைகளின் நிலை பற்றி. முதல் கடிதத்தில் அவர் சொல்வதன் சாரம் இது: இந்தப் பொல்லாத வழக்கம் என் வாழ்க்கையின் சந்தோஷத்தை அழித்துவிட்டது, எல்லாவற்றையும்விட நான் உயர்வாக நினைக்கும் படிப்புக்கும் எனக்கும் நடுவில் வந்து நிற்கிறது, என் தப்பு எதுவும் இல்லாமல் நான் ஒடுங்கிக் கிடக்கிறேன். கணவன் கொடுமைக்காரன் என்பதை அவர் முதலில் வைக்கவில்லை, படிக்க விடவில்லை என்பதைத்தான் முதலில் வைக்கிறார். அந்தக் காலத்துச் சீர்திருத்தக்காரர்கள் பெரும்பாலோர் பெண்களின் துன்பத்தைப் பற்றி எழுதினார்கள். இந்தப் பெண் தன் விருப்பத்தைப் பற்றி எழுதினார்.

தீர்ப்பு வந்ததும் புயல் கிளம்பியது. பெஹ்ராம்ஜி மலபாரி போன்ற சீர்திருத்தக்காரர்கள் கொண்டாடினார்கள். திலகரின் கேசரி, மராட்டா பத்திரிகைகள் கடுமையாக எதிர்த்தன. பின்ஹேக்கு இந்துச் சட்டத்தின் உயிர் புரியவில்லை, அந்நிய அரசின் நீதிமன்றம் நம் திருமணத்தில் கைவைக்கிறது, பெண்களுக்கு ஆங்கிலப் படிப்புக் கொடுத்ததன் விளைவு இது என்றெல்லாம் வாதங்கள் வந்தன. அரசியல் விடுதலைக்காகத் திலகர் பட்ட சிறைவாசத்தின்மேல் எனக்கு மிகுந்த மரியாதை உண்டு. ஆனால் இந்த விஷயத்தில் அவர் நின்ற இடத்தை மன்னிக்க என்னால் முடியவில்லை. இந்து மதத்தைக் காப்பதாகச் சொல்லிக்கொண்டு அவர் காத்தது இங்கிலாந்துத் தேவாலயத்தின் ஒரு பழைய ஏற்பாட்டை. எதிர்ப் பக்கத்தில் இருந்த தெலாங் நம் சாத்திரங்களை அறியாதவர் அல்ல. பகவத்கீதையை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தவர்.

தாதாஜி மேல்முறையீடு செய்தார். 1886இல் தலைமை நீதிபதி சார்ஜென்ட்டும் நீதிபதி பேய்லியும் பின்ஹேயின் தீர்ப்பை ரத்து செய்தார்கள். முன்னால் சேர்ந்து வாழ்ந்தார்களா இல்லையா என்பது முக்கியமல்ல, இந்துச் சட்டப்படி திருமணம் செல்லும், அது போதும் என்பது அவர்கள் நிலை. வழக்கு திரும்ப விசாரணைக்கு வந்து, நீதிபதி ஃபாரன் 1887 மார்ச்சில் அந்த ஆணையைப் பிறப்பித்தார். திருமணம் செல்லுமா என்பதை முடிவு செய்ய இந்துச் சட்டம். அதை எப்படி அமல்படுத்துவது என்பதற்கு ஆங்கிலச் சட்டம். இரண்டிலும் பெண்ணுக்கு எது பாதகமோ அதை எடுத்துக் கோத்திருந்தார்கள். திருமணத்துக்கு அவள் சம்மதித்தாளா என்ற கேள்வியை ஆங்கிலச் சட்டம் கேட்டிருக்கும்; அங்கே சம்மதம் இல்லாமல் திருமணம் இல்லை. அந்தக் கேள்வியை மட்டும் இங்கே யாரும் எடுத்து வரவில்லை.

சகாராம் அர்ஜுன் 1885இலேயே இறந்துவிட்டார் என்பதையும் சொல்ல வேண்டும். பம்பாயில் ருக்மாபாய்க்காக ஒரு பாதுகாப்புக் குழு அமைந்தது. எல்ஃபின்ஸ்டன் கல்லூரி முதல்வர் வேர்ட்ஸ்வொர்த், மலபாரி, தெலாங் எல்லாம் அதில் இருந்தார்கள். ஆனாலும் சிறைக்குப் போக வேண்டிய உடம்பு ருக்மாபாயுடையது. ஊர் முழுக்கத் தூற்றும்போது அந்த வீட்டில் ஒரு அம்மாவும் மகளும் எப்படி இருந்திருப்பார்கள் என்று நினைத்துப் பார்க்கிறேன்.

தீர்ப்பு வந்த சில நாட்களில் ருக்மாபாய், சீர்திருத்தக்காரரும் எழுத்தாளருமான பண்டித ரமாபாய்க்கு ஒரு கடிதம் எழுதினார். இந்து ஆட்சியானாலும் பிரிட்டிஷ் ஆட்சியானாலும் இந்தியப் பெண்களுக்கு நம்பிக்கை இல்லை என்று அதில் மனம் உடைந்து சொல்கிறார். ரமாபாய் அதே ஆண்டில் வெளியிட்ட தன் ஆங்கில நூலில் அந்தக் கடிதத்தைச் சேர்த்தார். அதோடு, ஆதரவற்ற ஒரு பெண்ணைக் காக்கவில்லை என்று ஆங்கில அரசைக் குற்றம் சொல்ல முடியாது, இந்திய ஆண்களோடு செய்துகொண்ட ஒப்பந்தத்தை அது நிறைவேற்றுகிறது என்று எழுதினார். 19ஆம் நூற்றாண்டு இந்தியாவின் குடும்பச் சட்டத்தைப் பற்றி இதைவிடக் கூர்மையாகச் சொன்ன வேறு யாரையும் நான் படித்ததில்லை. வியாபாரம், நிலம், குற்றம் எல்லாவற்றிலும் ஆங்கிலேயர் தங்கள் விருப்பப்படி சட்டம் போட்டார்கள். திருமணமும் வாரிசுரிமையும் மட்டும் ‘உங்கள் மதம், உங்கள் வழக்கம்’ என்று விடப்பட்டன. அந்த ‘உங்கள்’ என்பதில் பெண்கள் இல்லை. எது வழக்கம் என்று கேட்கப் போனவர்கள் பண்டிதர்களிடமும் சாதித் தலைவர்களிடமும்தான் கேட்டார்கள்.

1887 விக்டோரியா அரசியின் பொன்விழா ஆண்டு. ஏப்ரலில் லண்டன் டைம்ஸில் ருக்மாபாயின் கடிதம் ஒன்று வெளிவந்தது. அரசியிடம் அவர் கேட்டது தன் விடுதலையை அல்ல, ஒரு சட்டத் திருத்தத்தை: ஆண்களுக்கு 20, பெண்களுக்கு 15 வயதுக்கு முன் நடந்த திருமணங்கள் நீதிமன்றத்துக்கு வந்தால், சட்டத்தின் கண்ணில் அவை செல்லாது என்று ஆக்குங்கள். ஆணை தலைக்கு மேல் தொங்கும்போது அவர் கேட்டது இது.

அரசி தலையிட்டுத் திருமணத்தையே ரத்து செய்தார் என்று இணையத்தில் பல இடங்களில் காணலாம். வழக்கு அப்படி முடியவில்லை. 1888 ஜூலையில் சமரசம் ஏற்பட்டது. தாதாஜி 2,000 ரூபாய் வாங்கிக்கொண்டு, ஆணையை நிறைவேற்றக் கேட்பதில்லை என்று ஒப்புக்கொண்டார். ருக்மாபாய் சிறைக்குப் போகவில்லை. ஆனால் சட்டப்படி அவர் தாதாஜியின் மனைவியாகவே இருந்தார். அன்றைய இந்துச் சட்டத்தில் விவாகரத்து இல்லை. ஆணுக்கு மறுமணத்துக்குத் தடையும் இல்லை. தாதாஜி மறுபடி கல்யாணம் செய்துகொண்டார். 1904இல் அவர் இறந்தபோது ருக்மாபாய் விதவைகளுக்குரிய வெள்ளைப் புடவைக்கு மாறினார் என்று அவருடைய வாழ்க்கையை எழுதியவர்கள் சொல்கிறார்கள். ஏன் என்று எவ்வளவோ பேர் விளக்கம் கொடுத்திருக்கிறார்கள். நான் கொடுக்கப் போவதில்லை.

சமரசத்துக்கு அடுத்த ஆண்டு அவர் இங்கிலாந்து போய், லண்டன் பெண்கள் மருத்துவப் பள்ளியில் படித்தார். பம்பாய் காமா மருத்துவமனையில் இருந்த டாக்டர் எடித் பீச்சி அவருக்குப் பெரிய ஊக்கமாக இருந்தார். திரும்பி வந்து சூரத்திலும், பிறகு ராஜ்கோட்டிலும் பெண்களுக்கான மருத்துவமனைகளில் ஏறத்தாழ 35 ஆண்டுகள் வேலை பார்த்தார். அந்த ஆண்டுகளைப் பற்றித் தனியாகவே எழுத வேண்டும்.

அவர் எழுப்பிய கேள்வியின் பின்விளைவு மெல்ல வந்தது, அதுவும் ஒரு குழந்தையின் சாவுக்குப் பிறகு. வங்காளத்தில் ஃபூல்மணி என்ற சுமார் 11 வயதுச் சிறுமி, வயதில் மிக மூத்த கணவனின் வன்புணர்ச்சியால் இறந்தாள். அன்றைய குற்றவியல் சட்டப்படி மனைவிக்கு 10 வயது ஆகிவிட்டால் கணவன் செய்வது வன்புணர்ச்சி ஆகாது. 1890இல் அவனுக்குக் கிடைத்தது ஓராண்டுக் கடுங்காவல். அதன் பிறகு 1891இல் அந்த வயதை 10இலிருந்து 12ஆக உயர்த்தினார்கள். அந்த இரண்டு வயதுக்கே நாடு கொந்தளித்தது. ருக்மாபாய் கேட்ட 15 எங்கோ தூரத்தில் இருந்தது.

எவ்வளவு தூரம் என்றால், அவர் கேட்ட 1887இலிருந்து 62 ஆண்டுகள். பெண்ணுக்கு 14 வயது என்று 1929ஆம் ஆண்டு சாரதா சட்டம் கொஞ்சம் பக்கத்தில் வந்தது. சென்னைச் சட்டமன்றத்தில் இருந்த முத்துலட்சுமி ரெட்டி அதற்காக உறுதியாகக் குரல் கொடுத்தார். அந்த 14, 15 ஆனது 1949இல்தான். இந்துத் திருமணச் சட்டம் 1955 மே 18இல் நடைமுறைக்கு வந்தது. அதிலும் மணமகளுக்கான குறைந்தபட்ச வயது 15. விவாகரத்துக்கும் வழி வந்தது. ருக்மாபாய் அப்போது உயிரோடு இருந்தார், 90 வயது. அதே ஆண்டு செப்டம்பர் 25இல் இறந்தார்.

அதே சட்டத்தில் 9ஆம் பிரிவும் இருக்கிறது. தகுந்த காரணம் இல்லாமல் பிரிந்து போன கணவனையோ மனைவியையோ சேர்ந்து வாழ உத்தரவிடச் சொல்லி மனுப் போடலாம் என்ற பிரிவு. தாதாஜி போட்ட அதே வழக்கு. சிறைத் தண்டனையை 1923இலேயே நீக்கிவிட்டார்கள். சொத்து ஜப்தி இன்றும் சிவில் நடைமுறைச் சட்டத்தில் இருக்கிறது. இந்த வழக்கைப் பெற்ற இங்கிலாந்து 1970இல் சட்டம் போட்டு இதை ஒழித்துவிட்டது. நாம் வைத்துக்கொண்டிருக்கிறோம்.

1983இல் ஆந்திர உயர் நீதிமன்றத்தில் நீதிபதி பி.ஏ. சௌத்ரி, டி. சரீதா வழக்கில் இந்தப் பிரிவு அரசியல் சட்டத்துக்கு விரோதமானது என்று தீர்ப்பளித்தார். ஆண், பெண் இருவருக்கும் பொதுவாக எழுதப்பட்டிருந்தாலும் அதன் விளைவைத் தாங்குவது பெண்ணின் உடம்புதான் என்பது அவர் வாதத்தின் மையம். விருப்பமில்லாத உறவில் கருத்தரிக்கப் போவது யார் என்று கேட்டார். அடுத்த ஆண்டே சரோஜ் ராணி வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்த நிலையை ஏற்க மறுத்து, குடும்பம் உடையாமல் காப்பதற்கு உதவும் என்று 9ஆம் பிரிவை நிலைநிறுத்தியது.

குடும்ப நீதிமன்ற வாசல்களில் இது எப்படி வேலை செய்கிறது என்பதைச் சொல்ல வேண்டும். எங்கள் உறவுக்காரப் பெண் ஒருவர் அடி தாங்காமல் கைக்குழந்தையோடு தாய்வீட்டுக்கு வந்து, ஜீவனாம்சம் கேட்டு மனுப் போட்டார். கொஞ்ச நாளில் கணவன் தரப்பிலிருந்து நோட்டீஸ் வந்தது: மனைவி காரணமில்லாமல் பிரிந்து போய்விட்டாள், சேர்ந்து வாழ உத்தரவிட வேண்டும். அந்த மனிதருக்குச் சேர்ந்து வாழும் எண்ணம் துளியும் இல்லை என்பது எல்லோருக்கும் தெரியும். ‘ஒரு செக்‌ஷன் நைன் போட்டு வைங்க, மெயின்டனன்ஸ் குறையும்’ என்பது வக்கீல்கள் சாதாரணமாகச் சொல்லும் யோசனை. கூப்பிட்டும் வரவில்லை என்று பதிவாகிவிட்டால் ஜீவனாம்சம் மறுக்கலாம் என்ற கணக்கு. மனைவிகளும் இந்த மனுவைப் போடுகிறார்கள், மறுக்கவில்லை. கைவிட்டுப் போன கணவனை நீதிமன்றத்துக்கு வரவழைக்க அவர்களுக்கு அது ஒரு வழி. ஆனால் பயம் எந்தப் பக்கம் இருக்கிறது என்பதை அந்த நோட்டீஸைக் கையில் வாங்கிய பெண்ணின் முகத்தைப் பார்த்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ‘போலீஸ் வந்து கூட்டிட்டுப் போயிடுவாங்களா அண்ணா?’ என்றுதான் அவர் முதலில் கேட்டார்.

2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், சேர்ந்து வாழச் சொல்லும் ஆணையை மனைவி மதிக்கவில்லை என்ற ஒரே காரணத்துக்காக ஜீவனாம்சத்தை மறுக்க முடியாது, அவள் போகாததற்குச் சரியான காரணம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும் என்று சொன்னது. பெரிய ஆறுதல். இந்தப் பிரிவையே நீக்கலாம் என்ற பரிந்துரையைச் சட்ட ஆணையம் 2018இல் வெளியிட்ட ஆலோசனை அறிக்கையிலும் பார்க்கலாம். 2019இல் குஜராத்தைச் சேர்ந்த சட்ட மாணவர்கள் 9ஆம் பிரிவை எதிர்த்து உச்ச நீதிமன்றத்துக்கே போனார்கள். குடும்பத்தைச் சேர்த்துவைக்க ஆலோசனை மையங்கள் இருக்கின்றன, சமரச மையங்கள் இருக்கின்றன. பிரிய விரும்புபவர்களுக்கு விவாகரத்துச் சட்டம் இருக்கிறது. கைவிடப்பட்டவர்களுக்கு ஜீவனாம்சச் சட்டம் இருக்கிறது. 9ஆம் பிரிவை எடுத்துவிட்டால் இவற்றில் எதுவும் குறையாது. ஒருவரோடு வாழச் சொல்லி இன்னொருவருக்கு ஆணையிடும் அதிகாரம் மட்டும் நீதிமன்றத்தின் கையிலிருந்து போகும். அந்த அதிகாரம் இந்த நாட்டுக்கு வந்ததே வருத்தத்துக்குரியது என்று 1885இல் பம்பாயில் ஒரு நீதிபதியே சொல்லிவிட்டார், தன் நாட்டுச் சட்டம் எங்கிருந்து வந்தது என்று தெரிந்தே சொன்னார்.